தாத்தாவின் படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியது

மதிப்புக்குரிய கண்காட்சிக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழுவினர் அனைவருக்கும்,

நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி நீங்கள் நடத்தும் கண்காட்சி மண்டபத்தின் மூன்றாவது சுவரில், ஏர்கோனுக்குக் கீழே, என் தாத்தாவின் படம் தொங்குகிறது. அரைக்கால் சட்டை, தோளில் பட்டை, ஒட்டிய கன்னம். அதை உங்களிடம் கொடுத்தவள் நான்தான். படத்தோடு அவருடைய கதையை ஆறு பக்கத்துக்கு எழுதியும் கொடுத்தேன். படம் இருக்கிறது, கதையைக் காணோம். அந்த இடத்தில் இப்படி எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்: "நேதாஜியின் அறைகூவலைக் கேட்டதும் பால்வெட்டும் கத்தியை வீசி எறிந்துவிட்டுத் துப்பாக்கி ஏந்திய மாவீரர். தாய்நாட்டின் விடுதலைக்காக இறுதி மூச்சுவரை போராடினார்."

தாத்தா கத்தியை எறியவில்லை. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. கத்தி லயத்துக் கூரையில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டுக் கூரையில், செருகியபடி துருப்பிடித்துக் கிடந்தது. எல்லோரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். இறுதி மூச்சுவரை அவர் போராடவும் இல்லை. 1945 பிப்ரவரியில் பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையில் கையைத் தூக்கிச் சரணடைந்தார். அதற்கப்புறம் 53 ஆண்டுகள் உயிரோடு இருந்து, சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, 1998இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தார். நான் கொடுத்த ஆறு பக்கத்திலும் இது இருந்தது.

திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. மூன்றாவது முறை போனில் கேட்டபோது உங்கள் செயலாளர் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "டீச்சர், பிள்ளைங்க வந்து பாக்குற இடம். ஊக்கம் தர்ற மாதிரி இருக்கணும். சரணடைஞ்சாரு, பசிக்காகச் சேந்தாருன்னெல்லாம் போட்டா நல்லாவா இருக்கும்?" அதோடு, இதே வாசகங்கள் ஒரு கையேடாக அச்சாகித் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போகப்போகிறது என்றும் சொன்னார். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். முப்பது ஆண்டு தமிழ்ப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு தவறு கையேட்டில் ஏறிவிட்டால் அதை இறக்க எத்தனை காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் என் ஆதாரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1991 ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கோலசிலாங்கூர் பக்கம் மாமா வீட்டில் தாத்தாவோடு இரண்டு வாரம் இருந்தேன். மூன்று கேசட் பதிவு செய்தேன். பின்னணியில் சேவல் கூவும், பாட்டி குறுக்கே பேசுவார், தாத்தா இருமுவார். பதிவு மோசம்தான், பேச்சு தெளிவாகவே இருக்கிறது.

முதல் கேசட்டில் அவர் நேதாஜியைப் பற்றிப் பேசவே இல்லை. தன் அண்ணனைப் பற்றித்தான் பேசினார். 1943 தொடக்கத்தில் பக்கத்துத் தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு போனார். படம் முடிந்து வெளியே வந்தபோது லாரிகள் நின்றன. இப்படி எத்தனை தோட்டத்தில் நடந்தது என்பதை நம் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணனைச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அடுத்த முறை லாரி வந்தபோது தாத்தா இரண்டு நாள் செம்பனைக் காட்டில் ஒளிந்திருந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் ஆள் ஒருவர் லயத்துக்கு வந்து படைக்குப் பெயர் எழுதியபோது உடனே கொடுத்துவிட்டார். கேசட்டில் அவர் சொன்னது இது: "சயாமுக்குப் போனா சாவு. பட்டாளத்துக்குப் போனா சோறு. இதுல யோசிக்க என்னா இருக்கு?"

இந்த வரியைத்தான் நீங்கள் முதலில் வெட்டினீர்கள்.

இதை வெட்டினால் நம் சரித்திரத்தின் நடு எலும்பே போய்விடுகிறது ஐயா. படை எப்படி உருவானது என்று உங்கள் முதல் சுவரிலேயே எழுதியிருக்கிறீர்கள், நல்ல விஷயம். 1941 டிசம்பரில் மலாயாவின் கெடா மாநிலத்தில் ஜித்ரா சண்டைக்குப் பிறகு ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்திய ராணுவக் கேப்டன் மோகன் சிங், ஜப்பானிய உளவுப்பிரிவின் மேஜர் ஃபுஜிவாரா, சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17, ஃபேரர் பார்க்கில் கூட்டப்பட்ட இந்தியப் போர்க்கைதிகள். எல்லாம் சரி. ஆனால் அந்த முதல் படை அந்த ஆண்டு முடிவதற்குள் உடைந்ததை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டீர்கள். ஜப்பானியர் தன்னைக் கைப்பாவையாக நடத்துகிறார்கள் என்று மோகன் சிங் முரண்டுபிடித்தார். 1942 டிசம்பர் கடைசியில் அவரையே கைது செய்தார்கள். சிப்பாய்களில் பலர் படையை விட்டுவிட்டுத் திரும்பவும் கைதி முகாமுக்கே போனார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியபோது அவர் கையில் இருந்தது பாதிப் படைதான். அதனால்தான் மூன்று லட்சம் வீரர், மூன்று கோடி வெள்ளி (டாலர்) என்று அவர் மக்களைப் பார்த்துக் கேட்டார். அதனால்தான் படைக்கதவு தோட்டக்காரனுக்குத் திறந்தது. எந்த நாட்டுச் சண்டைக்கும் தமிழன் லாயக்கில்லை, அவன் போர்க்குடி இல்லை என்று வெள்ளைக்காரன் ராணுவம் ஒதுக்கி வைத்திருந்த ஆளை ஒரு தலைவர் முதன்முதலாகக் கூப்பிட்டார். கூப்பிட்டது பெரிய காரியம்தான். கூப்பிடவேண்டிய நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டுமல்லவா?

தாத்தா நேதாஜியை மதிக்காதவர் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பட்டாளத்தில் சேர்ந்த பிறகு கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தில் அவரை நேரில் பார்த்திருக்கிறார். பேச்சு இந்துஸ்தானியில் நடந்தது, ஒருவர் தமிழில் சொன்னார். பேச்சில் என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, "பாதி புரியல, மைக்கும் கரகரன்னு இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆனா எங்களப் பாத்துக் கும்பிட்டாரு" என்றார். தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கும் வெள்ளைக்கார மேலாளரான துரைக்கும் கும்பிடு போட்டே வளர்ந்த கை அது. திருப்பிக் கும்பிட்ட முதல் பெரிய மனிதரை அவர் சாகும்வரை மறக்கவில்லை. அவர் தலைமாட்டில் கடைசிவரை மாட்டியிருந்தது நேதாஜி படம்தான். சோற்றுக்காகப் போனவர்தான், அந்தக் கும்பிடுக்காக அங்கேயே இருந்தவரும் அவர்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று உங்கள் செயலாளர் நினைக்கிறார். பத்து வயதுப் பிள்ளைகளை அவர் அதிகம் பார்த்ததில்லை போல.

பயிற்சி சிரம்பானில். விடியற்காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பு, தாத்தாவுக்குப் புதிதல்ல, தோட்டத்தில் பிறந்ததிலிருந்து அந்த மணிச்சத்தத்துக்குத்தான் எழுந்திருக்கிறார். கட்டளை மட்டும் புரியவில்லை. எல்லாம் இந்துஸ்தானி. வடக்கத்தி ஹவில்தார் கத்துவார், இவர்கள் முன்னால் நிற்பவனைப் பார்த்துத் திரும்புவார்கள். தமிழனுக்கு இடது வலது தெரியாது, ஒரு காலில் ஓலையும் ஒரு காலில் சீலையும் கட்டித்தான் நடை பழக்கினார்கள் என்று ஒரு கதை சொல்லிச் சிரிப்பார்களே, அதை உங்கள் தொடக்கவிழாப் பேச்சாளரும் மேடையில் சொன்னார், கூட்டமும் சிரித்தது. நானும் ஒரு நாள் தாத்தாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "பால்வெட்டு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கணும். மாத்தி வெட்டுனா மரம் கெட்டுப்போவும். நாளைக்கு நானூறு மரம் வெட்டுனவனுக்கா இடது வலது தெரியாது? அவனுக்கு எங்க பாஷ தெரியல, அத சொல்லு."

படைத்தலைமை என்று நீங்கள் ஒரு முழுச் சுவரை ஒதுக்கியிருக்கிறீர்கள். தலைமையைச் சிப்பாய் எந்த இடத்தில் நின்று பார்த்தான் என்பதற்கு அந்தச் சுவரில் ஒரு சாண் இடம் இல்லை. தாத்தா சொன்னதில் நல்லதும் உண்டு. மதத்துக்கு ஒரு சமையற்கட்டு வைத்திருந்த பழைய ராணுவ வழக்கத்தை இந்தப் படை ஒழித்தது. சீக்கியர், முஸ்லிம், இந்து, கிறிஸ்துவர் எல்லோருக்கும் ஒரே அண்டா. தோட்டத்திலேயே ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவிடாத சாதிச் சண்டைகளைப் பார்த்தவருக்கு அது பெரிய ஆச்சரியம். கெட்டதும் உண்டு. பழைய ராணுவத்திலிருந்து வந்த ஆபீசர்களில் சிலர் தோட்டத்து ஆட்களைச் சிப்பாயாகவே எண்ணவில்லை. சப்பாத்து கால் அளவுக்கு வராது. காய்ச்சலில் கிடந்தவனைச் சோம்பேறி என்று ஒரு ஆபீசர் உதைத்ததைத் தாத்தா பார்த்திருக்கிறார். அந்த ஆபீசரே பின்னால் பர்மாவில் தன் பங்குச் சோற்றை இரண்டு பையன்களுக்குக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறார். இரண்டையும் அவர் ஒரே மூச்சில்தான் சொன்னார்.

இனி நான் எழுதிக் கொடுத்ததிலேயே முக்கியமான பக்கத்துக்கு வருகிறேன். அதை நீங்கள் படித்தீர்களா என்றே எனக்குச் சந்தேகம்.

1944இல் தாத்தாவின் படைப்பிரிவு பர்மாவுக்குப் புறப்பட்டது. மலாயாவிலிருந்து சயாமுக்கு ரயில். சயாமிலிருந்து பர்மாவுக்கு அந்தப் புதிய ரயில்பாதை. 1943 அக்டோபரில் வேலை முடிந்திருந்தது, 415 கிலோமீட்டர். சரக்குப் பெட்டியில் முப்பது, நாற்பது பேர். இரவில்தான் வண்டி ஓடும், பகலில் குண்டுவீச்சுக்குப் பயந்து காட்டுக்குள் நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்ற ஓரிடத்தில் இறங்கித் தண்ணீர் தேடிப் போனபோது, பாதையோரம் சரிந்து கிடந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகை ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே யாருமில்லை. மூங்கில் படுக்கைகள் மட்டும் வரிசையாக இருந்தன. ஒரு தூணில் கரியால் தமிழில் பெயர்கள் எழுதியிருந்தன. படிக்கத் தெரிந்த ஒருவன் வாசித்தான். தாத்தாவுக்குப் படிப்பு வராது, நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் பெயர் அதில் இல்லை. "இல்லன்னு தெரிஞ்சதும் சந்தோசப்படுறதா, அழுவுறதான்னே தெரியல" என்கிறார் கேசட்டில். அப்புறம் ஊதல் சத்தம் கேட்டது, எல்லோரும் ஓடி வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

அண்ணன் போட்ட தண்டவாளத்தின்மேல் தம்பி துப்பாக்கியோடு போனான். அண்ணனைக் கொண்டுபோனவனும் தம்பிக்குத் துப்பாக்கி கொடுத்தவனும் ஒரே ஜப்பான்காரன். நம் மலாயாத் தமிழர்களின் சுதந்திரப் போர் இந்த முடிச்சில்தான் கிடக்கிறது. உங்கள் கண்காட்சியில் சயாம் ரயில்பாதையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அது வேறு தலைப்பு என்கிறார் செயலாளர். என் தாத்தா வீட்டில் அது வேறு தலைப்பாக இல்லை ஐயா. அந்தப் பாதையில் நம்மவர்கள் ஈசல் மாதிரிச் செத்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானியரோடு ஒரே மேசையில் உட்கார்ந்த தலைமை அதை எவ்வளவு உரக்கக் கேட்டது என்ற கேள்வியைத் தாத்தா கடைசிவரை விடவில்லை. நேதாஜி படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேதான் அதைக் கேட்டார்.

2009இல் சக ஆசிரியைகளோடு, அந்த ரயில்பாதை போகும் தாய்லாந்து ஊரான காஞ்சனாபுரிக்குப் போனேன். அங்கே போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் பெயர், புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். அந்த ரயில்பாதை வேலையில் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் இருந்தார்கள் என்றால் ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தாத்தாவின் அண்ணன் பெயரைச் சொல்லி எங்கே பூ வைப்பது என்று தெரியாமல், வாங்கிய பூவை ஆற்றில் விட்டுவிட்டு வந்தேன்.

சண்டைக்கு வருகிறேன். 1944இல் இந்திய எல்லையருகே இருக்கும் இம்பாலைப் பிடிக்கப் போன படையெடுப்பில் நம் படையின் முதல் டிவிஷன் பட்ட பாட்டை உங்கள் வரைபடம் அழகான அம்புக்குறிகளால் காட்டுகிறது. அம்பு போன வழியில் கொசுவலை கிடையாது, மருந்து கிடையாது, அரிசி கிடையாது என்பதை வரைபடம் காட்டாது. இம்பால் இன்றோ நாளையோ விழுந்துவிடும் என்று சொல்லிக் கனமான ஆயுதங்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மழைக்காலம் வந்தது, இம்பால் விழவில்லை. ஜூலையில் பின்வாங்கும் உத்தரவு வந்தபோது குண்டுபட்டவர்களைவிட மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் பட்டினியாலும் விழுந்தவர்களே அதிகம். திரும்பி வந்தவர்களைப் பார்த்த பிறகுதான் தாத்தாவின் அணி முன்னால் போயிற்று. எலும்பும் தோலுமாய் வருகிறவனைத் தாண்டிப் போர்முனைக்குப் போகிற பையனின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் கையேட்டை எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

தாத்தா இருந்தது நான்காம் கெரில்லா ரெஜிமெண்ட், நேரு பிரிகேட் என்பார்கள். தலைவர் மேஜர் தில்லான். 1945 பிப்ரவரி 14 விடியலில், பகானுக்குப் பக்கத்தில் நியாங்ஊ என்ற இடத்தில், பிரிட்டிஷ் படை ஐராவதியைக் கடந்தது. மைல் கணக்கான கரையைக் காக்க இவர்களிடம் இருந்தது துப்பாக்கியும் கொஞ்சம் இயந்திரத் துப்பாக்கியும்தான். பீரங்கி இல்லை, ஆகாயத்தில் சொந்த விமானம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சுட்டார்கள். படகுகள் ஆற்றோடு அடித்துக்கொண்டு போனதைத் தாத்தா பார்த்தார். அப்புறம் எதிர்க்கரைப் பீரங்கியும் மேலே விமானமும் தொடங்கின. மணலில் வெட்டிய குழி சரிந்து பக்கத்தில் இருந்தவனை மூடியது. சாயங்காலம் யாரோ ஒரு வெள்ளை வேட்டித் துண்டைக் கம்பில் கட்டினார்கள். தாத்தா கையைத் தூக்கினார். படகில் வந்து இறங்கியவர்களிலும் பாதிப் பேர் இந்தியர்கள்.

கைதி முகாமில் காவலுக்கு இருந்தவன் ஒரு சேலத்துக்காரன். தமிழ் கேட்டதும் பக்கத்தில் வந்து ஒரு பீடி கொடுத்து, "நீ எதுக்குடா இங்க வந்த?" என்று கேட்டானாம். "நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்" என்றாராம் தாத்தா. அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டிலும் சோறு இல்லாமல்தான் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான்.

சரணடைந்தது அவமானம் என்று நீங்கள் நினைப்பது அந்த நான்கு வரியில் நன்றாகத் தெரிகிறது. அப்படியானால், நம் படை ஆபீசர்கள்மேல் பிரிட்டிஷார் டில்லியில் நடத்திய செங்கோட்டை வழக்கின் படத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய சட்டம்? 1945 நவம்பரில் கூண்டில் நின்ற ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் பிடிபட்டவர்கள்தானே? இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வழக்கில் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றச்சாட்டு மட்டும் இல்லை. எதிரியிடம் ஓட முயன்றார்கள் என்று பர்மாவின் போப்பா மலையருகே சொந்தச் சிப்பாய்கள் சுடப்பட்ட விவகாரமும் இருந்தது. ஆபீசர்கள் சிலரே எதிர்ப்பக்கம் போய்விட்டதால், 1945 மார்ச்சில் நேதாஜி ஓர் உத்தரவு போட்டார். கோழையாக நடப்பவனை எந்த நிலையில் உள்ளவனும் கைது செய்யலாம், துரோகம் செய்பவனைச் சுடலாம் என்று. தோற்றுக்கொண்டிருந்த படையைக் கட்டிக்காக்க ஒரு தலைவர் எடுத்த கடுமையான முடிவு அது. சரியா தவறா என்று பெரியவர்கள் வாதாடலாம். ஆனால் மூன்று ஆபீசர்களின் முகம் சுவர் உயரத்துக்கு இருக்க, சுடப்பட்ட சிப்பாய்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாத சுவரைத் தலைமையின் வரலாறு என்று எப்படிச் சொல்வது?

தலைமையைப் பெருமையாகக் காட்டுவதுதான் உங்கள் எண்ணம் என்றால் அதற்கும் நிறைய இருக்கிறது, அதையும் விட்டுவிட்டீர்கள். பர்மாத் தலைநகர் ரங்கூனை விட்டுப் போகவேண்டிய நேரத்தில், பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படைப்பெண்களை விட்டுவிட்டுத் தான்மட்டும் போகமாட்டேன் என்று நின்று, 1945 ஏப்ரல் 24இல் அவர்களோடு புறப்பட்டு, காலெல்லாம் கொப்பளத்தோடு நடந்தவர் நேதாஜி. அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது நம் லோகநாதன் அவர்கள். தமிழர், மருத்துவர், படையில் மேஜர் ஜெனரல். அந்தமானுக்கு ஆட்சியாளர் என்று அனுப்பப்பட்டு, ஜப்பானியர் அதிகாரம் எதையும் கைவிடாததைக் கண்டு மனம் கசந்து திரும்பியவர். எல்லோரும் ரங்கூனைக் காலி செய்தபோது, சுமார் ஆறாயிரம் சிப்பாய்களோடு நகரத்தில் தங்கி, கொள்ளை நடக்காமல் காத்து, பிரிட்டிஷார் வந்ததும் ஒழுங்காக நகரத்தை ஒப்படைத்துச் சரணடையும் பொறுப்பு அவருக்கு. தோற்ற படையோடு தங்கிய தலைவர். உங்கள் சுவரில் அவர் படம் இல்லை. சரணடைந்தார் என்று எழுதவேண்டி வரும் என்பதாலா?

ஊர் திரும்பிய பிறகு நடந்ததையும் கையேட்டில் காணோம். தாத்தா 1946இல் வந்தார். அதே தோட்டம், அதே லயம், திரும்பி வந்த அதே துரை. கூரையிலிருந்து கத்தியை எடுத்துத் துரு தேய்த்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போனார். ஆனால் ஒன்று மாறியிருந்தது. துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவதை நிறுத்திவிட்டார். கெடாவில் இந்தப் படையில் பழகியவர்களெல்லாம் சேர்ந்து தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள், 1947இல் போலீசோடு மோதலே நடந்தது. தொழிற்சங்கத்துக்கு முதுகெலும்பு வந்தது அங்கிருந்துதான். அவ்வளவு தூரம் போய்த் தோற்றுவிட்டு வந்தவர்கள் இங்கே நம் தோட்டத்தில் எதை மாற்றினார்கள் என்பது உங்களுக்கு ஒரு சுவர் பெறாதா?

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜான்சிராணிப் படைத் தலைவி டாக்டர் லெட்சுமி அவர்களின் படமும் நம் கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பன் அவர்களின் படமும் வைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படையில் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர். எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு ஆயா இருந்தார். விளக்கமாற்றைத் தோளில் சாய்த்து அவர் நடந்து காட்டினால் நாங்கள் சிறுபிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்போம். அது உண்மையான துப்பாக்கிப் பயிற்சி என்று அவர் செத்த பிறகுதான் தெரிந்தது. பட்டாளத்துக்குப் போய்வந்த பெண் என்றால் கல்யாணம் ஆகாது என்று வீட்டிலேயே மறைத்துவிட்டார்கள். இந்த மாதிரி ஆயாக்களின் பேத்திகள் இன்று உங்கள் மண்டபத்துக்கு வந்துபோகிறார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். என் பக்கத்து வீட்டு சீனக் கிழவி உங்கள் கண்காட்சி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஜப்பான் காலத்தில் அவர் தகப்பனாரைக் கொண்டுபோனவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. நம் படை அந்த ஜப்பானியரின் துணையோடு நடந்தது. அதை நாமே முதலில் சொன்னால்தான் அவர் முகத்தைப் பார்த்து நம்மால் பேச முடியும். இந்த நாட்டில் நாம் தனியாக வாழவில்லை.

இனி நான் கேட்பது. தாத்தாவின் படத்துக்குக் கீழே உள்ள நான்கு வரியை எடுத்துவிட்டு, நான் கொடுத்த ஆறு பக்கத்திலிருந்து சுருக்கி எழுதுங்கள். சுருக்கியதை ஒட்டுவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள். அதில் அண்ணனும் சயாமும் சோறும் சரணடைந்ததும் இருக்க வேண்டும், நேதாஜியின் கும்பிடும் இருக்க வேண்டும். அவர் பேசிய தமிழிலேயே ஓரிரு வரியாவது போடுங்கள். கேசட்டைக் கேட்க வேண்டும் என்றால் கொண்டுவந்து தருகிறேன், ஒலிநாடா போடும் பெட்டியும் என்னிடமே இருக்கிறது.

படைக்கு ஆள் சேர்த்ததைச் சொல்லும் சுவரிலேயே சயாம் ரயில்பாதையையும் காட்டுங்கள். தனி அறையில் வேண்டாம், பக்கத்துப் பக்கத்தில். போப்பா மலையில் சுடப்பட்டவர்களைச் செங்கோட்டைப் படத்துக்குக் கீழே குறிப்பிடுங்கள். லோகநாதன் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

கையேட்டை அச்சுக்கு அனுப்புவதை நிறுத்திவையுங்கள். என்னைப் போலப் படமும் கதையும் கொடுத்த குடும்பங்கள் எத்தனை என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு, அவரவர் பெரியவரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் அச்சிடுங்கள். இன்னும் கதை சொல்லாத குடும்பங்களிடமிருந்து, குறிப்பாகத் தோட்டத்து ஆயாக்களின் வீடுகளிலிருந்து, குரல் பதிவு எடுக்க மண்டபத்தில் வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நான்கு பேர் சம்பளமில்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இதற்கெல்லாம் உங்களுக்கு மனம் இல்லை என்றால் கடைசியாக ஒரே கோரிக்கை. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 16ஆம் தேதி காலை பத்து மணிக்கு நானும் என் மாமாவும் மண்டபத்துக்கு வருவோம். சண்டைக்கு இல்லை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஒரு பையில் போட்டு வையுங்கள், வாங்கிக்கொண்டு போகிறோம். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது, படி ஏற முடியாது. கீழே வாசலிலேயே கொடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மூன்றாவது சுவரில் இருப்பவரின் பேத்தி,
செந்தூல், கோலாலம்பூர்